மணி சரி... மாத்திரை தப்பு! நெல்லித்தோப்பு வீட்டில் ஒரு கண்ணாடிக் கதை

காலை 6.30 மணி. புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. 71 வயதுப் பெரியவர் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாருகிறார். கண்ணாடியின் மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் மணி ஓடுகிறது. அதற்குக் கீழே தேதி, வெயில் அளவு, அன்றைய மாத்திரைக் கணக்கு. சீப்பை வைத்துவிட்டு, அடி ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன வரியைக் குனிந்து படிக்கிறார்: 'கடைசியாகப் புதுப்பித்தது: 6.30'.

"சரி, புதுசுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகே மாத்திரை டப்பாவைத் திறக்கிறார்.

அந்த ஒரு வரி அங்கே வந்ததற்குப் பின்னால், இந்தக் குடும்பம் பதறிப்போன ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

மகள் செய்த கண்ணாடி

பெரியவர் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில் சங்கு ஊதினால் எழுந்து, மில் சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. மூன்று வருடங்களுக்கு முன்பு இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். இந்த மாத்திரையில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். அளவு கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து, குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து. ஒருநாள் முழு மாத்திரை, மறுநாள் பாதி என்றுகூட வரும்.

மொபைலில் நினைவூட்டல் வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் மொபைலைத் தேடுவதற்குள் அலாரம் அடங்கிவிடும். ஆனால், காலையில் கண்ணாடி பார்க்காமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. பெங்களூருவில் ஐ.டி வேலை பார்க்கும் மகளுக்கு அங்கேதான் யோசனை பிறந்தது. கண்ணாடியிலேயே எழுதிவிட்டால்?

இதற்கு முன்னோடி ஏற்கெனவே இருந்தது. நியூயார்க்கில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கெழுத்து ஒளிர்வதைப் பார்த்த நெதர்லாந்துக்காரர் மைக்கேல் டேவ், 2014-ல் தன் வீட்டுக்கு ஒரு 'மேஜிக் மிரர்' செய்தார். செய்முறையையும் மென்பொருளையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். விஷயம் எளிமையானதுதான். ஒரு பக்கம் கண்ணாடியாகவும் மறுபக்கம் ஒளியை விடுவதாகவும் இருக்கும் கண்ணாடித் தகடு, அதன் பின்னால் பழைய மானிட்டர், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கம்ப்யூட்டர். திரை கறுப்பாக இருக்கும் இடத்தில் முகம் தெரியும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் எழுத்து தெரியும்.

மகள் அதில் மாத்திரைக் கணக்குக்கு என்று ஒரு சின்ன வலைப்பக்கம் சேர்த்தார். டாக்டர் அளவை மாற்றினால் அம்மா போனில் சொல்வார். மகள் பெங்களூருவிலிருந்தே திருத்திவிடுவார். இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே போனது.

ஓடிய கடிகாரம், நின்ற கணக்கு

ஒரு திங்கட்கிழமை டாக்டர் அளவைக் குறைத்தார். மகள் அன்று மாலையே திருத்தினார். புதன்கிழமை காலை, மேஜை டிராயரில் எதையோ தேடிய அம்மாவின் கையில் டாக்டர் சீட்டு கிடைத்தது. பார்த்தவருக்குக் கை நடுங்கிவிட்டது.

"என்னாங்க, இதுல பாதின்னு போட்டிருக்கே. நேத்து எவ்ளோ போட்டீங்க?"

"முழுசுதான். கண்ணாடியில அப்படித்தானே இருக்குது?"

இரண்டு நாளாகக் கண்ணாடி பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்தது. உடனே டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி அன்றே ரத்தம் பரிசோதித்தார்கள். நல்லவேளை, விபரீதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால், மகளுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தப்பு எங்கே என்று தேடியபோது அது மிகச் சாதாரணமானதாக இருந்தது. கண்ணாடியில் ஓடும் கடிகாரத்துக்கு இன்டர்நெட்டைக் கேட்க வேண்டிய தேவையில்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே நொடிக்கு நொடி நகர்த்திக்கொள்ளும். மாத்திரைக் கணக்கு அப்படியல்ல. அது வெளியிலிருந்து வரும் பக்கம். ஒருமுறை திறந்ததோடு சரி, மறுபடி ரீலோட் செய்யாதவரை அதே பக்கம்தான் நிற்கும். மொபைலில் என்றால் விரலால் கீழே இழுத்துப் புதுப்பிப்போம். சுவரில் மாட்டிய கண்ணாடியை யார் இழுப்பது? கடிகாரம் சரியாக ஓடியதால், கீழே இருந்த கணக்கையும் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறையா, நாளுக்கு ஒருமுறையா?

அந்த வார இறுதியில் ஊருக்கு வந்த மகள், நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீலோட் ஆகும்படி வைத்தார். பக்கம் புதுசாகத் திறக்கும்போதெல்லாம் திரை வெள்ளையாக மின்னியது. "ஷேவ் பண்ண முடியலம்மா, கண்ணடிக்குது" என்றார் அப்பா. அதைவிடப் பெரிய தொல்லை, இன்டர்நெட் போன நேரத்தில் ரீலோட் ஆனால் இருந்த கணக்கும் போய், 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற அறிவிப்புதான் நின்றது.

சரி, அரை மணிக்கு ஒருமுறை போதும் என்று மாற்றினார். நெட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் ரீலோட் என்றும் சேர்த்தார். நாள் கணக்கில் ஓடினால் சின்னக் கம்ப்யூட்டரின் நினைவகம் நிரம்பி மந்தமாகும் என்பதால், விடியற்காலை 4 மணிக்கு முழு ரீஸ்டார்ட்டும் வைத்தார். அதற்கும் அதே நிபந்தனைதான்.

இந்த நேரக்கணக்கைப் பார்த்துக்கொள்வது 'கிரான்' என்ற பழைய மென்பொருள். 1970-களில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் வந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். '0 4 * * *' என்று எழுதினால், தினமும் 4 மணி என்று அர்த்தம்.

அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. "மில்லுல மிஷினை நிறுத்தி பஞ்சு தூசு துடைச்சு எண்ணெய் போடுவோமே, அதானே? ஓட்டிக்கிட்டே இருந்தா நூல் அறுந்துடும்."

ஆனால், கண்ணாடி இருண்டது விடியற்காலை 4 மணிக்கு அல்ல. தினமும் காலை 8.30 மணிக்கு! அது ஜூன் மாதம். மகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ராஸ்பெரி பை பிரிட்டனில் பிறந்தது. நாம் மாற்றாவிட்டால் அதன் நேரம் லண்டன் நேரம்தான். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு மட்டும் இந்திய நேரம் கொடுத்திருந்த மகள், கம்ப்யூட்டருக்குக் கொடுக்க மறந்திருந்தார்.

"பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருக்கு லண்டன் நேரமா?" என்று அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அம்மா கேட்ட கேள்வி

எல்லாம் சரியானதும், சமையலறை வாசலில் நின்றபடி அம்மா ஒன்று கேட்டார். "இனிமே அது மறந்துட்டா நமக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் காபி போடும் முன் அதில் ஒரு தாளைக் கிழிப்பது 40 வருடமாக அவர் வேலை. ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தால், நாலு நாளைக்கு முந்தைய தேதி நிற்கும். யாரும் கிழிக்கவில்லை என்பது பார்த்த உடனே தெரியும்.

கண்ணாடியிடம் அந்த நேர்மைதான் இல்லை. மகள் அன்று சேர்த்ததுதான் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற வரி. கூடவே வீட்டில் ஒரு விதியும் வந்தது. அந்த நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசாக இருந்தால், கண்ணாடியை நம்பக் கூடாது. டாக்டர் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். சீட்டு டிராயரிலிருந்து ஃபிரிட்ஜ் கதவுக்கு இடம் மாறியது.

வீட்டில் இப்படி ஒரு திரை வைக்க நினைப்பவர்கள், ரீலோட் நேரத்தை எழுதும் முன் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள். புதுப்பித்த நேரத்தைத் திரையிலேயே காட்டுங்கள். மருந்து விஷயத்தில் காகிதச் சீட்டும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, தெருவில் இன்டர்நெட் கேபிள் அறுந்துபோனது. மறுநாள் காலை பெங்களூருவுக்கு ஒரு போன்.

"கண்ணாடி நேத்து ராத்திரி ஒன்பதரையிலேயே நிக்குதும்மா. சீட்டப் பாத்து பாதி போட்டுட்டேன். நீ வேலையப் பாரு."

பின்னணியில் சரக்கென்று ஒரு சத்தம். அம்மா காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.