வழிவிட்டவர்கள்

எழுபத்தேழு வயதுக்காரனைக் கைக்குழந்தையாக்கிவிடும் சக்தி கனடா தேசத்துக்கு உண்டு. மோட்டார் ஓட்டத் தெரியாதவன் அங்கே வீட்டை விட்டு நகர முடியாது. 2023 கோடையில், ஒன்டாரியோ மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் பெண் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றால்கூட, "அவர் ஆபீஸிலிருந்து வரட்டும் அப்பா, கொண்டு விடுவார்" என்பாள்.

பக்கத்து ஊரான வாட்டர்லூவில் என் பள்ளித் தோழன் ஒருவன், பிள்ளை வீட்டில் இதே சிறைவாசம் அநுபவித்துக்கொண்டிருந்தான். ஒரு புதன்கிழமை, "நான் பஸ்ஸிலேயே போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அறிவித்தேன்.

"வழி தெரியுமா அப்பா?"

"வாய் இருக்கிறது, அம்மா."

கேம்பிரிட்ஜ், கிச்சனர், வாட்டர்லூ மூன்றும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து, 2021 கணக்குப்படி ஜனத்தொகை ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இத்தனை பேருக்கு ரயில் எதற்கு என்று வெகுநாள் சண்டை போட்டுவிட்டு, 2011-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிச்சனருக்கும் வாட்டர்லூவுக்கும் தெருவில் ஓடும் மின்சார ரயில். கேம்பிரிட்ஜுக்கு விரைவு பஸ். ஊர் பரந்து பரந்து வயல்களை விழுங்காமல், தண்டவாளத்தை ஒட்டியே வளர வேண்டும் என்பது உத்தேசம். 'அயான்' என்று பெயர் சூட்டி 2019 ஜூனில் ரயிலை ஓட விட்டார்கள். 19 கிலோமீட்டர், 19 நிலையங்கள்.

பஸ்ஸில் கிச்சனரின் தென்கோடிக்குப் போய் ரயில் மாறினேன். நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டம். என் முழங்கால் வாழ்த்திற்று. ரயிலுக்கென்று தனிப் பாதை. மோட்டார்கள் கைகட்டி நிற்க, நாங்கள் போனோம். சென்னையில் 1953-ல் டிராம் நிற்பதற்கு முன், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அதில் போன ஞாபகம் வந்தது. கிச்சனர்க்காரர்களும் 1946-ல் தங்கள் டிராமை மூட்டை கட்டியவர்கள்தாம். அவர்களுக்குப் புத்தி வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

தோழனும் நானும் கிங் தெருவில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். ரயிலின் பெருமையை நான் அளந்துகொண்டிருந்ததைக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தெருவை வருஷக்கணக்கில் தோண்டிப் போட்டிருந்தார்கள். 2016-ல் அடியிலே மரக்கட்டை அடுக்கிப் போட்ட பழங்காலத்துச் சாலைகூட அகப்பட்டது. அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. கடைக்குள் யாரும் வரவில்லை. நான் கடன் வாங்கிச் சமாளித்தேன். பக்கத்துக் கடைக்காரர் ரயிலைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குள் மூடிவிட்டுப் போய்விட்டார்."

அதற்குமேல் என்னால் ரயிலைப் புகழ முடியவில்லை.

திரும்பும்போது, மாலை நெரிசலில் எங்கள் விரைவு பஸ் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் மோட்டார்கள். பெயரில்தான் விரைவு, வழியில் பெரும்பகுதி அதற்கென்று ஒதுக்கியதல்ல. வேகம் வண்டியில் இல்லை, வழியில் இருக்கிறது என்பது அந்த அரை மணியில் எனக்குப் புரிந்தது. வழி தானாக வருவதும் இல்லை. யாரோ விட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் நான் சுகமாகப் போனதற்கு, முகம் தெரியாத ஒரு கடைக்காரர் விலை கொடுத்திருக்கிறார்.

ரயிலைக் கேம்பிரிட்ஜ் வரை நீட்டவும் 2019-லேயே பாதை குறித்தாயிற்று. நான் ஊர் திரும்பும் வரை ஒரு தண்டவாளமும் விழவில்லை. கேம்பிரிட்ஜ்க்காரர்களின் முணுமுணுப்பு நியாயந்தான். வரட்டும், வர வேண்டும். ஆனால் தோண்டுகிற நாளில் கடை வைத்திருப்பவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் பெண் கவலையோடு காத்திருந்தாள். "போதும் அப்பா, இனிமேல் தனியாகப் போக வேண்டாம்."

"அடுத்த புதன்கிழமையும் போகிறேன், அம்மா. அந்தக் கடையில் இன்னொரு காபி சாப்பிட வேண்டியிருக்கிறது" என்றேன்.