செம்பருத்தி வேலியில் வெண்மாவு

காந்திபுரத்தில் நான் குடியிருக்கும் பங்கு இல்லத்தின் முற்றத்தை ஒட்டிச் செம்பருத்தி வேலி ஒன்று உண்டு. பேருந்து நிலையத்தின் புகையும் இரைச்சலும் இரவு பகலாக வந்து மோதும் இவ்விடத்தில் அவ்வேலி எங்ஙனம் இத்துணைப் பசுமையாய் நிற்கின்றது என்று வருவோர் வியப்பர். அவ்வியப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது கூச்சமே உண்டாகும். ஏனெனில் ஒரு காலத்தில் அந்த வேலியை ஏறக்குறைய அழித்தவன் நானே. வேலியைவிட விலை மதிப்பற்ற ஒன்றையும் அன்று இழக்க இருந்தேன்.

இப்பங்கில் நான் முதன்முறை பணியாற்றியபோது, 2009-ஆம் ஆண்டின் கோடையில், செம்பருத்தியின் தளிர்களிலும் மொட்டுக் காம்புகளிலும் யாரோ அரிசி மாவைத் தூவியதுபோல் வெண்மை படர்ந்தது. இலைகள் சுருண்டன, மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. அடியிலைகளில் பிசுபிசுப்பும் அதன்மேல் கரிபூசினாற்போன்ற கறுப்பும் ஏறின. எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கின. தோட்டத்தைக் கவனித்து வந்த முதியவர் என்னிடம் வந்து, “சாமீங்க, மருந்து ஒண்ணும் அடிக்க வேண்டாமுங்க. வெள்ளையா, சடைசடையா ஒரு புழு நடக்குது பாருங்க, அது இந்தப் பூச்சியைத் தின்னுதுங்க. அதை விட்டுடலாமுங்க” என்றார்.

நானோ மெய்யியலும் இறையியலும் கற்றவன். செடியைக் கற்றவனல்லன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வெண்மையாய் ஊர்வன யாவும் பகையே என்று முடிவு கட்டி, கடையிலிருந்து கடுமையான பூச்சிக்கொல்லி ஒன்றை வாங்கிவரச் செய்து, உச்சி வெயிலில் அவரையே அடிக்கச் சொன்னேன். கையுறையும் இல்லை, முகத்தில் கட்டத் துணியும் இல்லை. மாலையில் அவர் தலைசுற்றி விழுந்தார். வாந்தியும் வியர்வையும் நிற்கவில்லை. இரண்டு இரவுகள் மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். பிழைத்தெழுந்த அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழிந்தது. வெண்மாவு முன்னிலும் இரு மடங்காகத் திரும்பியது. முதியவர் காட்டிய சடைப்புழுவை மட்டும் காணவில்லை.

ஒரு சிறு கிளையை ஒடித்துப் பையில் கட்டிக்கொண்டு, மருதமலைச் சாலையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றேன். அங்கே பூச்சியியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அது மாவுப்பூச்சி, நம்மூரில் கள்ளிப்பூச்சி என்றும் சொல்வர். அதிலும் வகை உண்டு. செம்பருத்திக்கே உரிய இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நம் ஆசியாவுக்குப் பழமையானது. நசுக்கினால் சிவப்புச் சாறு வரும். என் கிளையில் இருந்ததை நசுக்கியபோது வந்ததோ மஞ்சள் சாறு. சாராயத்தில் இட்டுவைத்த அப்பூச்சி கருநீலமாகியது. “இது பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோப் பக்கத்தது. இந்தியாவிலேயே முதன்முதலாக 2008-இல் நம் கோவையில்தான் கண்டோம்” என்றார்.

பப்பாளியின் பெயரைத் தாங்கினாலும் அது மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, தேக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சாலையோரத்துப் பார்த்தீனியத்திலும் குடியிருந்தது. ஈரோட்டிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் மரவள்ளி காய்ந்தது. உடுமலைப் பக்கத்திலிருந்து எங்கள் பங்குக் குடும்பமொன்றின் உறவினர் அந்நாளில் என்னைக் காண வந்தார். மல்பெரி இலையை நம்பிப் பட்டுப்புழு வளர்ப்பவர். மருந்து அடித்தால் புழு சாகும்; அடிக்காவிட்டால் இலை சாகும். “எந்தப் பக்கம் போனாலும் கடனுங்க சாமி” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

மருந்து ஏன் தோற்றது என்பதைப் பேராசிரியர் சொன்னபோதுதான் என் மடமை முழுதும் எனக்கு விளங்கியது. பூச்சியின் உடல்மேல் மெழுகுப் போர்வை; முட்டைகளோ பஞ்சு போன்ற பையினுள். நூறு முதல் அறுநூறு முட்டை வரை ஒரு பெண் பூச்சி இடும். தெளிக்கும் நீர் அவற்றைச் சேராமலே வழிந்துவிடும். ஆனால் போர்வையில்லாத நன்மைப் பூச்சிகள் செத்து மடியும். முதியவர் காட்டிய சடைப்புழு, கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் குஞ்சாம். மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகு அணிந்து அதனிடையே திரிந்து அதனையே உண்பது. அடையாளம் காண எளிய வழி உண்டு: தின்னப்படுவது அசையாமல் ஒட்டிக் கிடக்கும்; தின்னுவது பெரிதாய், சுறுசுறுப்பாய் நடக்கும். எழுத்தறியாத முதியவர் கண்ணால் கண்டறிந்ததை நான் நஞ்சிட்டுக் கொன்றிருந்தேன்.

வீட்டளவில் அவர் சொன்ன வழிகள் எளியவை. மாவு பிடித்த நுனிகளை வெட்டி, சுமந்து திரியாமல் அங்கேயே பைக்குள் போட்டு எரித்துவிட வேண்டும். எஞ்சியதை நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். எறும்பை மறக்கலாகாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பகைவரை விரட்டுகிறது. தண்டின் அடியில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினால் அக்காவல் நின்றுபோகும். இவற்றைச் செய்தோம். வேலி ஓரளவு மூச்சு விட்டது. அசுவினியும் வெள்ளை ஈயும்கூட இம்முறைகளுக்கே பெரிதும் அடங்கும். அவற்றைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் உடுமலைக்காரரின் ஏக்கர்களை எத்துணைத் துணி கொண்டு சுற்றுவது? அந்த விடை 2010-இல் வந்தது. பூச்சியின் தாயகத்தில் அதை அடக்கி வைத்திருக்கும் மூவகைச் சிறுகுளவிகளைப் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து பெங்களூருப் பூச்சி ஆய்வகத்தினர் தருவித்தனர். அவ்வாண்டிலேயே கோவையில் விடுத்தனர். அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே என்பது நம் மண்ணில் நன்கு வேரூன்றியது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் குஞ்சு அதைத் தின்று உப்பிய கூடாக்கி, சிறு துளையிட்டு வெளியேறும். பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பெருக்கி உழவர்க்கு வழங்கினர். சில மாதங்களில் தோட்டங்கள் மீண்டும் பச்சை கட்டின. உடுமலைக்காரர் முதல் பட்டுக்கூடு விற்ற நாளில் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

இச்செய்தியை முதியவரிடம் சொன்னபோது அவர் சிறிதும் வியக்கவில்லை. கொங்கு நாட்டுப் புறம்போக்கெல்லாம் சப்பாத்திக்கள்ளி மூடிக் கிடந்ததையும், ஒரு பூச்சி வந்து அதைத் தின்று தீர்த்ததையும் தம் தந்தை சொல்லக் கேட்டவர் அவர். பின்னர் படித்துப் பார்த்தேன்: 1926-இல் இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்குக் கொணரப்பட்ட செம்பூச்சியின் வேலை அது. அண்மையில் 2022-இல் மரவள்ளியைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்காக, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெற்ற குளவியைச் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விட்டார்கள். முதியவர் இருந்திருந்தால் இதற்கும் வியந்திருக்க மாட்டார். அவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் மருந்தடித்த கைத்தெளிப்பானை நான் மீண்டும் தொடவில்லை.

இடையில் வேறு பங்குகளுக்குச் சென்று, மறுபடியும் இங்கே வந்திருக்கிறேன். போன வாரம் வேலியின் ஒரு மூலையில் மாவு தென்பட்டது. கத்தரிக்கோலை எடுத்தவன், இலையடியில் ஒட்டியிருந்த மிளகளவு கூட்டுப்புழுவைக் கண்டு நின்றுவிட்டேன். மாவுப்பூச்சியைத் தின்று வளரும் சிறு வண்ணத்துப்பூச்சியின் கூடு அது. பார்த்தால் அச்சாகக் குரங்கு முகம். மறைக்கல்விக்கு வந்திருந்த சிறுவரை அழைத்துக் காட்டினேன். ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

“சாமீங்க, இது நம்மளையே முறைக்குதுங்க” என்றான் ஒரு பொடியன். கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.