ஊவா மலையில் மொரிஸ் மைனரும் அக்வாவும்

வெல்லவாயாவில் இருந்து அப்புத்தளைக்கு ஏறும் வீதி, ஒரே பயணத்தில் ஒரு காரை ஆயிரம் மீற்றருக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்திவிடும். ஏற ஏறக் காற்று இலேசாகிறது. கீழே சரியாக இருந்த பெற்றோல் அளவு மேலே கூடிப்போகிறது. பழைய எஞ்சின் கறுப்பாகப் புகைக்கும், வளைவுகளில் திணறும். மலைநாட்டு மெக்கானிக் கை இதற்குப் பழகியது. மொரிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேட்டருக்கு அடியில் அறுகோண நட்டு ஒன்று இருக்கிறது. அதை மேல்நோக்கி ஒரு பக்க அளவு திருகினால் கலவையில் பெற்றோல் குறையும். திருகிய பிறகு, காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மயிரளவு தூக்கிவிட்டு எஞ்சினின் சத்தத்தைக் கவனிப்பார்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் இன்னும் அதிகம். எஞ்சின் தள்ளாடி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் மெல்ல ஏறிவிட்டு அடங்கினால் சரி. பதுளை, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ்களில் இந்த வேலையைப் பார்த்து நிற்கிறவருக்குக் கண்ணால் காண அதிகம் கிடைக்காது. குனிந்த தலையும் இரண்டு விரலும்தான் தெரியும். வேலை முழுவதும் காதில் நடக்கிறது.

அதே ஏற்றத்தில் டொயோட்டா அக்வா என்ற ஹைபிரிட் காரும் ஏறுகிறது. உள்ளே போகும் காற்றை ஓர் உணரி அளக்கிறது, வெளியேறும் புகையில் மிஞ்சிய ஒட்சிசனை இன்னொன்று அளக்கிறது, கணினி பெற்றோலை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு மலை ஏறியதே தெரியாது. எந்தக் காதும் எட்டாத துல்லியத்தோடு அக்வா இதைச் செய்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பழைய கார் பெரிதா, புதிய கார் பெரிதா என்ற பேச்சு நம்மிடையே பெரும்பாலும் இரும்பின் கனத்திலும் சீட்டின் சொகுசிலும் முடிந்துவிடுகிறது. நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு வண்டியைத் திரும்ப ஓடவைக்கும் அறிவு யாரிடம் இருக்கிறது, அது இன்னொருவர் கைக்குப் போக வழி இருக்கிறதா? ஊவாவில் இருந்து பார்த்தால் இரண்டு தலைமுறைக் கார்களையும் பிரிக்கும் கோடு இதுதான் என்று நினைக்கிறேன்.

மொரிஸ் மைனர் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது 1948 ஒக்டோபரில். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினியை உருவாக்கியவரும் அவரே. லேண்ட் றோவர் வந்ததும் அதே ஆண்டில். தோட்டத்துத் துரைமாரின் பங்களா முற்றத்தை இப்படிப்பட்ட வண்டிகள் நிறைத்த காலம், கீழே லயத்தில் இருந்தவர்களுக்குக் கதவுகள் அடைபட்ட காலம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. மிஞ்சியவர்களுக்குச் சட்டம் முழுமையாகத் திறக்க 2003 வரை ஆனது. அரசாங்க உத்தியோகம் கனவிலும் இல்லாத அந்தப் பத்தாண்டுகளில் மலையைவிட்டு இறங்காமலே கொழுந்துக்கு வெளியே ஒரு பிழைப்பைக் காட்டிய சில இடங்களில் கராஜும் ஒன்று. அங்கே யாரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. ஸ்பானர் எடுத்துக்கொடுக்கச் சேர்ந்த பொடியன், கவனித்துக் கவனித்து, வாடிக்கையாளர் ‘பாஸ்’ என்று கூப்பிடும் நிலைக்கு வர முடிந்தது. அது சுகமான பாதை என்று நான் சொல்லமாட்டேன். கூலி இல்லாத வருடங்கள், திட்டு, பற்றரி அமிலம் பட்ட கை எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் பாதை இருந்தது.

அந்தப் பாதையைத் திறந்து வைத்ததில் காரின் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மைனரில் மறைவான இடம் கிடையாது. தீப்பொறி வருகிறதா, பெற்றோல் வருகிறதா, காற்றழுத்தம் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் கோளாறு அகப்பட்டுவிடும். தேய்ந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே ஏன் தேய்ந்தது என்று சொல்லலாம். அதைப் போலவே ஒன்றை லேத்தில் கடைந்து எடுக்கலாம். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது இந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஒரு சோதனை வந்தது. வால்வு வந்து உட்காரும் வார்ப்பிரும்பு இருக்கையைத் தேயாமல் காத்துவந்தது அந்த ஈயம்தான். பரிகாரம் லேத் பட்டறையில் இருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து, கடினமான உலோக வளையத்தை இறுக்கி இறக்கி, அதன்மேல் வால்வைப் பசையிட்டுக் கையால் அரைத்து உட்காரவைப்பது. உற்பத்தி 1971இல் நின்றுபோன ஒரு காரை, அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த எரிபொருளுக்கு ஏற்றதாக மாற்ற எந்தக் கம்பனியின் அனுமதியும் தேவைப்படவில்லை.

இந்தத் திறமை மலைக்குள் மட்டும் அடங்கியதும் அல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், ஒரு காரை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதைவிடத் தொடர்ந்து புதுப்பித்து வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதாடி 1982இல் புத்தகமே எழுதினார். 1990களில் அவர் இலங்கையில் பங்காளி சேர்த்து மைனரின் உடற்தகடுகளைச் செய்யத் தொடங்கினார். இங்கே செய்த தகடுகள் அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிறைந்த 1970களில் தகடு தட்டும் டின்கர் பாஸ்மார் வேறு வழியில்லாமல் வளர்த்துக்கொண்ட கைப்பழக்கம் இந்த நாட்டில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். பழைய கார் பாதுகாப்பானது, இரும்பு கனமானது என்ற நம்பிக்கை தவறு. அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகளின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009இல் ஒரு 1959 செவ்ரொலே பெல் எயாரையும் 2009 செவ்ரொலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் இடம் நசுங்கிப்போனது, புதியதன் உள்ளறை குலையாமல் நின்றது. மைனரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெரகலை இறக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி தளரும். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரனியனுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் திருகு தேய்ந்து சக்கரம் மடங்கியே விழுந்துவிடும். அனுபவப்பட்ட பாஸ் முதலில் அந்தக் கிரீஸ் நிப்பிளைத்தான் பார்ப்பார். எரிபொருள் கணக்கும் புதிய காரின் பக்கமே. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, அதே 20 லீற்றரில் அக்வா ஓடிய தூரம் மைனருக்கு எட்டாதது. புகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே எல்லோரும் பழைய காருக்குத் திரும்ப வேண்டும் என்பது என் வாதம் அல்ல. தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் ஒருவர் என்னைக் கேட்டால் புதிய காரையே சொல்வேன்.

ஆனால் பாதுகாப்பும் சிக்கனமும் வேண்டுமென்றால் பழுதுபார்க்கும் அறிவைக் கம்பனியிடம் விட்டுவிடத்தான் வேண்டுமா? மின்னணு வண்டி சிக்கலானது, கராஜ் பொடியனுக்கு எட்டாது என்பார்கள். ஹைபிரிட் பற்றரியையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதிரி அக்வாவின் பின்சீட்டுக்கு அடியில் இருப்பது 20 துண்டுகள் தொடராகச் சேர்ந்த 144 வோல்ட் பற்றரி. அதைக் குளிர்விக்கும் காற்று சீட்டோரத்துத் துவாரத்தின் வழியாகப் போகிறது. தோட்டத்துச் செம்மண் தூசி அதை அடைத்தால் பற்றரி சூடேறி ஒன்றிரண்டு துண்டுகள் கெடும், முழு வண்டியும் எச்சரிக்கை விளக்கோடு நின்றுவிடும். முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்வது எளிது. ஆனால் இந்த நாட்டின் கராஜ்களில் உயர் மின்னழுத்தத் துண்டிப்பியைக் கழற்றி, காத்திருந்து, கையுறை போட்டு, ஒவ்வொரு துண்டாக அளந்து, கெட்டதை மட்டும் மாற்றி, துவாரத்தையும் துப்புரவாக்கி வண்டியை அனுப்பும் வேலை நடக்கிறது. வால்வு இருக்கையைப் போட்ட அதே அறிவுதான் இங்கே வேலை செய்கிறது. கெட்டதைத் தேடு, அதை மட்டும் மாற்று, ஏன் கெட்டது என்று பார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைக்காலம் முழுவதும் நாட்டின் சக்கரங்களைச் சுழலவிட்டதில் இந்தக் கைகளுக்குப் பெரும் பங்குண்டு.

கை நின்றுபோகும் இடம் மின்னணு அல்ல, பூட்டு. ஒரு கட்டுப்பாட்டுக் கணினியை மாற்றினால் அதை அந்த வண்டிக்கு அறிமுகப்படுத்தக் கம்பனியின் மென்பொருள் வேண்டும். மலிவான ஸ்கேனர் கோளாறின் எண்ணைக் காட்டும், அந்த எண்ணுக்குப் பின்னால் எதை எந்த வரிசையில் சோதிப்பது என்பதைக் காட்டாது. மென்பொருளைத் திறந்துவிட்டால் திருட்டும் ஆபத்தான வேலையும் பெருகும் என்று ஒரு மறுப்பு உண்டு. அது கவனிக்க வேண்டிய மறுப்பு. 144 வோல்ட்டில் அரைகுறை அறிவு உயிரை எடுக்கும். அதனாலேயே அறிவை மறைப்பதைவிடக் கற்றுக்கொடுப்பது பாதுகாப்பு என்கிறேன். மறைத்தாலும் வண்டி கராஜுக்கு வரத்தான் போகிறது, கொழும்புக்கு இழுத்துப்போகக் காசில்லாதவரின் வண்டி வேறெங்கே போகும்? ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியிலேயே சுயாதீன கராஜ்களுக்குப் பழுதுபார்ப்புத் தகவலைக் கொடுக்கும்படி உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் 2012இல் இதற்கெனவே சட்டம் கொண்டுவந்தது. அங்கே கார்த் தொழில் இடிந்து விழவில்லை.

இலங்கை கார் உற்பத்தி செய்யும் நாடு அல்ல, நம் பேச்சை யார் கேட்பார் என்பது கடைசி மறுப்பு. உற்பத்தி செய்யாவிட்டாலும் வாங்குகிற நாடு இது. அதுவும் அந்நியச் செலாவணியை எண்ணி எண்ணி வாங்குகிற நாடு. இப்போது மின்சாரக் கார்களும் வரிசையில் வருகின்றன. ஒரு மாதிரி வண்டியை இறக்க அனுமதி கேட்கிறவர், அதன் பழுதுபார்ப்புக் கையேட்டையும் சோதனை மென்பொருளையும் நியாயமான கட்டணத்துக்கு எந்தக் கராஜுக்கும் தர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அந்தக் கையேட்டின் உயர் மின்னழுத்தப் பகுதியாவது தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை நேரத்தில், சாதாரண தரச் சான்றிதழ் கேட்காமல், ஏற்கெனவே கையில் கிரீஸ் பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தமிழ்மொழிப் பாடநெறி வேண்டும். காபரேட்டரைக் காதால் சரிசெய்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே அந்த வகுப்பை நடத்தலாம். ஸ்கேனர் காட்டும் ஒட்சிசன் அளவைப் படிக்க, கலவை கூடினால் எஞ்சின் எப்படி மூச்சுவிடும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அதிக நாள் ஆகாது.