யாருக்குக் கொடுத்த விலை?

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் நீதிபதியின் மகன். சில பிரசங்கிகள் அவனை நண்பன் என்பார்கள். குற்றம் நிரூபணமாகிவிட்டது. நீதிபதி அபராதம் விதிக்கிறார். பிறகு அங்கியைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து, தன் பையிலிருந்தே அபராதத்தைக் கட்டுகிறார். சிலுவையில் நடந்தது இதுதான் என்று பிரசங்கம் முடியும்.

பிள்ளைப் பிராயத்தில் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். வளர்ந்த பிறகு நெருடத் தொடங்கியது. அபராதம் பணம். அதை யார் கட்டினாலும் கணக்குத் தீரும். மரண தண்டனை அப்படியல்ல. ஒருவன் செய்த கொலைக்கு, தானாக முன்வந்தார் என்பதற்காக இன்னொருவரைத் தூக்கிலிடும் நீதிபதியை யாராவது நீதிமான் என்பார்களா? மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிக் கல்லறையில் முடியும் சுவிசேஷக் கதைக்குள் இந்த நீதிமன்றம் எப்போது வந்தது? இந்தக் கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன். இறையியல் கல்லூரி நூலகங்களிலும், நண்பர்கள் இரவல் தந்த புத்தகங்களிலுமாக, பின்னோக்கி நடந்த தேடல் அது.

முதலில் போய் நின்ற இடம் ஜான் கால்வின். அவர் குருத்துவப் படிப்பிலிருந்து வந்தவரல்லர். ஓர்லேயானிலும் பூர்ஜிலும் சட்டம் படித்தவர். 1536இல் பாசெல் நகரில் அச்சான அவருடைய ‘கிறிஸ்தவ மதக் கோட்பாடுகள்’ நூல் வளர்ந்து வளர்ந்து 1559இல் இறுதி வடிவம் பெற்றது. அதன் இரண்டாம் புத்தகத்தில், விசுவாசப் பிரமாணத்தில் பொந்தியு பிலாத்துவின் பெயர் ஏன் இடம்பெற்றது என்று அவர் விளக்குகிறார். இயேசு கொள்ளையர் கையில் இறந்திருந்தாலோ, கலவரத்தில் அடிபட்டு மடிந்திருந்தாலோ அந்த மரணம் பாவத்துக்கு ஈடாகியிருக்காது. ஒரு நீதிபதி முன் நிறுத்தப்பட்டு, சாட்சிகள் குற்றம்சாட்ட, தீர்ப்புப் பெற்றுச் சாக வேண்டியிருந்தது என்கிறார். சட்டம் படித்தவரின் கண் இங்கே நன்றாகத் தெரிகிறது.

நான் தேடிய நீதிமன்றம் இதுதான் என்று நிம்மதியடைய முடியவில்லை. அதே அத்தியாயத்தில், பிதா ஒருபோதும் குமாரன்மேல் கோபமாக இருந்ததில்லை, தம் நேசகுமாரன்மேல் அவர் எப்படிக் கோபப்படுவார் என்றும் கால்வின் எழுதிவைத்திருக்கிறார். தந்தை கோபத்தைக் கொட்ட, மகன் அதை வாங்கிக்கொண்டார் என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறவர்கள் இந்த வரிவரை வாசிப்பதில்லை போலிருக்கிறது.

என்னுடைய நெருடலும் பழையதுதான். இத்தாலியரான பாவுஸ்து சோசினி, 1594இல் அச்சான தம் நூலில் இதையே சட்டவாதமாக வைத்திருந்தார்: கடன் கைமாறும், தண்டனை கைமாறாது. மேலும், கடனை முழுதாக வசூலித்துக்கொண்ட பிறகு அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைப்பது எப்படி? 1617இல் அவருக்கு மறுப்பு எழுதியவர் ஹியூகோ குரோஷியஸ், சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பின்னாளில் பெயரெடுத்த டச்சுக்காரர். கடவுளைக் கடன்கொடுத்தவராகப் பார்க்காதீர்கள், ஆளுகிறவராகப் பாருங்கள் என்றார் அவர். ஆளுகிறவர் பொதுநன்மைக்காகத் தண்டனையைத் தளர்த்தலாம். ஆனால் சட்டத்தின் மதிப்பு குறையக் கூடாது. அந்த மதிப்பைக் காப்பதற்கே சிலுவை. இப்படி, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கொல்கொதா மேட்டைச் சுற்றி வக்கீல்களின் கூட்டம்.

இந்த வழக்கைத் தொடங்கிவைத்தவர் யார் என்று கேட்டால் பலரும் காட்டுவது கான்டர்பரி பேராயர் ஆன்செல்மை. 1033இல் ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான ஆவோஸ்தாவில் பிறந்து, நார்மண்டியின் பெக் மடத்தில் துறவியானவர். இங்கிலாந்து அரசன் இரண்டாம் வில்லியமோடு முரண்பட்டு 1097இல் நாட்டைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு தெற்கு இத்தாலியில், கப்புவா அருகே ஒரு மலைக் கிராமத்தில் தங்கி, ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை முடித்தார். போசோ என்ற துறவி கேட்கக் கேட்க ஆன்செல்ம் பதில் சொல்லும் உரையாடல் அது.

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்போடுதான் அதைத் திறந்தேன். ஆன்செல்ம் சொல்வது வேறாக இருந்தது. பாவம் என்பது கடவுளுக்குரிய கனத்தை அவருக்குக் கொடாமல் வைத்துக்கொள்வது. அதைச் சரிசெய்ய இரண்டே வழிகள்: ஈடு செய்வது, அல்லது தண்டனை அடைவது. இரண்டில் ஒன்று நடந்தால் மற்றது தேவையில்லை. மனிதனால் ஈடு செய்ய முடியவில்லை. கடவுள்-மனிதரான கிறிஸ்து, சாகக் கடமைப்படாத தம் உயிரைத் தாமாகவே காணிக்கையாக்கி ஈடு செய்தார். ஆகவே தண்டனைக்கு வேலையில்லாமல் போயிற்று. தண்டனைக் கோட்பாட்டின் தந்தை என்று நான் நினைத்திருந்தவர், சிலுவையில் நடந்தது தண்டனையே அல்ல என்று வாதாடிக்கொண்டிருந்தார்! ஈடு என்ற எண்ணம் துறவு மடத்துக்குள் பிராயச்சித்த ஒழுங்காகவும், மடத்துக்கு வெளியே பிரபுக்களின் மானப் பிரச்சினையாகவும் அன்று புழங்கிக்கொண்டிருந்த ஒன்று.

ஆன்செல்முக்கு அடுத்த தலைமுறையில் பீட்டர் அபெலார்டு, ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில், குற்றமற்றவரின் இரத்தத்தைக் கேட்பது கொடுமையல்லவா என்று நேராகவே கேட்டுவிட்டார். சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம்மிடம் அன்பை மூட்டுகிறது, அதுவே மீட்பு என்றார். கிளேர்வோ பெர்னார்டு அவரைக் கடுமையாக எதிர்த்தார்; சான்ஸ் நகரச் சங்கம் அவருடைய போதனைகள் சிலவற்றைக் கண்டனம் செய்தது.

ஆன்செல்முக்கு முன்னால் போனால் நீதிமன்றம் மங்கி, அடிமைச் சந்தை முன்னுக்கு வருகிறது. அநேகரை மீட்கும்பொருளாக உயிரைக் கொடுக்க வந்தேன் என்று மாற்கு பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். போரும் கடற்கொள்ளையும் மலிந்த ரோமப் பேரரசில் மீட்புப் பணம் அன்றாட விஷயம். 378இல் அட்ரியானோபில் போரில் ரோமப் படை தோற்ற பிறகு, சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்க மிலான் ஆயர் அம்புரோஸ் ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கிக் கொடுத்தார்.

மீட்புப் பணம் என்றால் வாங்கிக்கொண்டவர் ஒருவர் இருக்க வேண்டுமே? மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன், பிசாசுதான் என்றார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி இன்னும் ஒரு படி போனார்: மனித உடல் இரை, அதற்குள் மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள், விழுங்கிய பிசாசு மாட்டிக்கொண்டது. அகுஸ்தீன் சிலுவையைப் பிசாசுக்கு வைத்த எலிப்பொறி என்று பிரசங்கித்தார். சிரித்துக்கொண்டே வாசித்துப் போனவனை அதே நூற்றாண்டின் இன்னொரு கிரகோரி நிறுத்தினார். நசியான்சின் கிரகோரி தம் பாஸ்கா உரையில் கேட்கிறார்: யாருக்குக் கொடுத்த விலை இது? பிசாசுக்கா? கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பதா, என்ன அவமானம்! பிதாவுக்கா? நம்மைச் சிறைவைத்திருந்தவர் அவரல்லவே. ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்தபோதே மறுத்து ஆட்டுக்கடாவை ஏற்றுக்கொண்டவர், சொந்தக் குமாரனின் இரத்தத்திலா மகிழ்வார்? பிதா அதைக் கேட்கவில்லை. நம்மைப் பரிசுத்தமாக்கும் திட்டத்துக்காகவே ஏற்றுக்கொண்டார் என்கிறார். இதற்கு மேல் பேசாமல் கனம்பண்ணுவோம் என்று அங்கேயே நிறுத்தியும் விடுகிறார்.

பொதுச் சங்கங்களும் அங்கேதான் நிறுத்தின. 325இல் நிசேயா, 381இல் கான்ஸ்டான்டிநோபிள், 451இல் கல்செதோன்: கிறிஸ்து யார் என்பதில் ஒரு சொல்லுக்காகச் சபைகள் பிரிந்துபோயின. அவர் மரணம் நம்மை எப்படி மீட்கிறது என்பதற்கு அவை இலக்கணம் எழுதவில்லை. இதைப் பற்றி விசுவாசப் பிரமாணம், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கிழக்குச் சபைகள் இன்றுவரை ஆன்செல்மைப் பின்பற்றவில்லை.

கடைசியாகப் போக வேண்டிய இடம் லேவியராகமம். பதினாறாம் அதிகாரத்தில் ஏழாம் மாதம் பத்தாம் நாள் சடங்கு. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கொல்லப்படுகிறது, பிரதான ஆசாரியன் அதன் இரத்தத்தைத் திரைக்குள்ளே கொண்டுபோய்க் கிருபாசனத்தின்மேல் தெளிக்கிறான். இன்னொன்றின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் பாவங்களை அறிக்கையிடுகிறான். அதுதான் போக்காடு. அதை யாரும் அறுப்பதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். பாவத்தைச் சுமந்த ஆடு சாகவில்லை, செத்த ஆட்டின் தலையில் பாவம் அறிக்கையிடப்படவில்லை. தண்டனை எங்கே இருக்கிறது?

லேவியராகமத்துக்கு மூன்று பாகங்களில் உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம், பாவநிவாரண பலியின் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கும் பொருள் என்கிறார். மனிதரின் பாவம் கடவுள் குடியிருக்கும் இடத்தை அசுசிப்படுத்துகிறது. அவர் அங்கே தொடர்ந்து தங்குவதற்காக அதைக் கழுவுகிறார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் இன்னொரு சட்டம்: ஆட்டுக்கும் புறாவுக்கும் வக்கில்லாத ஏழை, எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம். மாவைத் தண்டிக்க முடியாது. பலிபீடம் கொலைக்களம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

என் பக்கமே தீர்ப்பைச் சாய்க்க முடியாதபடி ஏசாயா ஐம்பத்துமூன்றாம் அதிகாரம் குறுக்கே நிற்கிறது. அங்கே கர்த்தரின் தாசன் பிறருடைய மீறுதல்களுக்காக நொறுக்கப்படுகிறான். பிறருக்குச் சமாதானம் தரும் ஆக்கினை அவன்மேல் வருகிறது. இந்தத் தாசனை இயேசுவாக ஆதிச் சபை வாசித்தது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரியின் கதையே போதும். லூத்தர் 1531இல் கலாத்தியர் நிருபத்தைப் போதிக்கையில், கிறிஸ்து எல்லாரையும்விடப் பெரிய பாவியாக நம் இடத்தில் நின்றார் என்று சொல்லும் துணிச்சல் இந்த வேரிலிருந்து வந்தது. தண்டனை மொழியை மொத்தமாக இடைச்செருகல் என்று தள்ளுகிறவர்கள் இந்த அதிகாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வைத்தவர் பவுல். ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு வசனங்களுக்குள், நீதிமன்றத்தில் விடுதலைத் தீர்ப்பு, அடிமைச் சந்தையில் மீட்பு, ஆலயத்தில் பலி என்ற மூன்றையும் அவர் சேர்த்து வைக்கிறார். எதையும் தனியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவதில்லை. கைதிகள் நிறைந்த காலம் சந்தையை எடுத்துக்கொண்டது. சட்டம் படித்தவர்களின் காலம் மன்றத்தை எடுத்துக்கொண்டது. ஆலயம் கி.பி. 70இல் இடிந்துபோனதால் அந்த மொழி கேட்பாரற்றுப் போயிற்று. சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாவ் அவுலேன் 1930இல் உப்சாலாவில் ஆற்றிய உரைகளில், தீய சக்திகளை வென்ற கிறிஸ்து என்பதே ஆதித் திருச்சபையின் பார்வை என்று நிறுவ முயன்றார். அவரும் ஒன்றைத்தான் தூக்கிப்பிடித்தார் என்றே எனக்குப் படுகிறது.

நீதிபதி கதையின் உண்மையான குறை இதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அதில் மகன் வந்தபடியே வெளியே போகிறான். பெயருக்கு எதிரே இருந்த பாக்கி தீர்ந்தது, ஆள் மாறவில்லை. சுவிசேஷத்தில் அப்படி ஒருவன் இருக்கிறான்: பரபாஸ். குற்றவாளி விடுதலையாக, குற்றமற்றவர் சிலுவைக்குப் போகிறார். அவன் பிறகு என்ன ஆனான் என்று நான்கு சுவிசேஷங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீட்பு அங்கே முடிந்துவிடுவதாக அவை நினைத்திருந்தால் கதையையும் பரபாஸோடு முடித்திருக்கலாம். ஆதாம் மரத்தடியில் கெடுத்ததைக் கிறிஸ்து மரத்தின்மேல் சீராக்கினார் என்ற ஐரேனியுவும், நாம் தெய்வத்தன்மை பெறவே அவர் மனிதரானார் என்ற அத்தனாசியுவும், அன்பு மூட்டப்படுவதைப் பேசிய அபெலார்டும் அக்கறைப்பட்டது மீட்கப்பட்டவன் என்ன ஆகிறான் என்பதில்தான்.

இதைச் சட்டம் தெரிந்த ஒருவரே சொல்லியிருப்பதை நம் ஊர்ப் பக்கமே கண்டேன். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டையொட்டி வெளிவந்த ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ தொகுப்பில் எழுதியவர்களில் ஒருவர். கிறிஸ்து புதிய படைப்பு, மீட்பு என்பது அந்தப் புதிய மனிதத்தில் பிறப்பது என்பதே அவர் சிந்தனையின் மையம். பாவக் கணக்கைத் தீர்ப்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தீர்ப்பு எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவருக்கு, தீர்ப்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் மாற்றும் என்பது நம் பிரசங்கிகளைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.