கைக்கெட்டும் கிளட்ச்

ஸாப் 900-இன் பானெட் மற்ற கார்களின் பானெட் போலத் திறப்பதில்லை. முதலில் முன்னோக்கி நழுவும். பிறகு மூக்கைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டு அதன் பின்முனை மேலே எழும். சக்கர வளைவுகளையும் சேர்த்து மூடுகிற அகலமான தகடு அது. அதனால் திறந்தவுடன் இன்ஜினின் இரண்டு பக்கமும் தாராளமாகக் கை போகும். ஸ்வீடனில் எந்தக் கம்பெனியின் பலகையும் மாட்டாத ஒரு தனிப் பட்டறையில், கிளட்ச் வேலை என்றதும் இரண்டு பேர் சேர்ந்து அந்த பானெட்டையே கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுகிறார்கள். இப்போது ரேடியேட்டருக்கு அடுத்தாற்போல் கண்ணுக்கு நேரே வட்டமாக ஒரு மூடி தெரிகிறது. அதற்குள்தான் கிளட்ச். பெரும்பாலான கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அது மறைந்து கிடக்கும். ஒரு பிளேட் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும். இங்கே இறக்குவது என்ற பேச்சே இல்லை.

வேலையின் நுட்பம் ஒரு வளையத்தில் இருக்கிறது. வட்ட மூடியை எடுத்ததும் ஒருவர் காருக்குள் உட்கார்ந்து கிளட்ச் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் பிரஷர் பிளேட்டின் வில் விரல்களுக்கும் அதன் மூடிக்கும் இடையே அந்த வளையத்தைச் செருகுகிறார். பெடலை விட்டாலும் வில் இனி விரியாது, சுருங்கியபடியே நிற்கும். அந்தச் சுருக்கத்தில்தான் முழுத் தொகுப்பும் மேலே வர இடம் கிடைக்கிறது. அடுத்து நடுவிலிருக்கும் தண்டின் முனையை மறைக்கும் சிறு மூடியைக் கழற்றி, அந்த முனையில் உள்ள மரையில் இழுப்பானை முறுக்கி, அதன் எடையை நாலு தட்டு பின்னுக்குத் தட்டினால் தண்டு வழுக்கிக்கொண்டு வருகிறது. ஸ்லேவ் சிலிண்டரின் மூன்று போல்ட்டையும் பிரஷர் பிளேட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் எடுத்தபின், சிலிண்டர், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரே கொத்தாக மேலே வருகின்றன. வண்டிக்குக் கீழே யாரும் படுக்கவில்லை. சிலிண்டரின் சீல் கசிந்திருந்தால் பிளேட் ஈரமாகப் பளபளக்கும். அப்போது பிளேட்டை மட்டும் மாற்றி அனுப்புவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதற்குச் சமம். சிலிண்டரையும் சேர்த்தே பார்ப்பார்கள். இத்தனையிலும் பொறுமையைச் சோதிப்பது கடைசியில் ஏர் எடுப்பது ஒன்றுதான்.

பழைய வண்டி, கெட்டியான வண்டி, அதனால் பழுது பார்க்க எளிது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலையை அருகில் நின்று பார்த்த பிறகு அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. கெட்டித்தன்மை வேறு, பழுது பார்க்கும் வசதி வேறு. இரண்டாவது, எந்தப் பாகம் முதலில் தேயும் என்பதை வரைபட மேசையிலேயே ஒப்புக்கொண்டு, அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதால் வருவது. 900-இன் அமைப்பு 1967-இல் அறிமுகமான ஸாப் 99-இலிருந்து வந்தது. சிக்ஸ்டன் சாசன் வடிவமைத்த அந்தக் காருக்கு இன்ஜின் பிரிட்டனின் ட்ரயம்ப் நிறுவனத்திடமிருந்து வந்தது. 45 டிகிரி சாய்ந்து படுத்த நான்கு சிலிண்டர். ஸாப் அதை முன்பின்னாகத் திருப்பி, கியர்பாக்ஸுக்கு மேலே உட்கார வைத்தது. விசை முன்புறமாக வெளியேறி, கிளட்ச் வழியாகக் கீழிறங்கி, கியர்பாக்ஸுக்குள் திரும்பிப் போகிறது. 900-இல் இந்த இறக்கத்தைச் சங்கிலி செய்கிறது. கிளட்ச் முன்னால் வந்தது மெக்கானிக்கின் மேல் இரக்கப்பட்டா, அல்லது இந்த அடுக்குமுறையின் விளைவாகவா என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமில்லை. தற்செயலாக வந்திருந்தாலும், கையில் கிடைத்ததை மறைக்காமல், தண்டின் முனையில் மரை போட்டு, வளையம் செருக இடைவெளி விட்டு முடித்தவர்கள் அதைத் தெரிந்தே செய்தார்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு வலுவானது. அதே கார்தான் தன் கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில் புதைத்தும் வைத்திருக்கிறது. கியர்பாக்ஸின் மேல்பகுதியே இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி. மினி காரைப் போல இரண்டுக்கும் ஒரே எண்ணெய் இல்லை என்பது ஆறுதல். ஆனால் பினியன் பேரிங் தேய்ந்து ஊளையிடத் தொடங்கினால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கிரேனில் தூக்கி, வெளியே வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இந்தக் கார்களின் நன்கு தெரிந்த பலவீனமும் அந்தக் கியர்பாக்ஸ்தான். பெல்ட்டுகளும் அப்படியே: இன்ஜின் திரும்பி நிற்பதால் அவை தடுப்புச் சுவர்ப் பக்கம் போய்விட்டன. அங்கே கையை நுழைப்பவர் முழங்கையைத் தோலுரித்துக்கொண்டுதான் வெளியே எடுப்பார். இந்த மறுப்பு என் வாதத்தைத் தள்ளிவிடுவதில்லை, அதற்கு எல்லை கட்டுகிறது. வசதி என்பது காரின் பொதுக்குணம் இல்லை. பாகத்துக்குப் பாகம் நடந்த பேரம். கிளட்ச் பேரத்தில் வென்றது, கியர்பாக்ஸ் தோற்றது. மணிக்கணக்கில் கூலி வாங்குகிற, அந்தக் கூலியும் அதிகமாக இருக்கிற நாட்டில், இந்த வெற்றி தோல்வியே வண்டியின் ஆயுள் கணக்கு. கிளட்ச் போன 900 சாலைக்குத் திரும்புகிறது. கியர்பாக்ஸ் ஊளையிடும் 900, கணக்குப் பார்த்து முடிவெடுக்கும்வரை பின்முற்றத்தில் நிற்கிறது. அங்கிருந்து அது பெரும்பாலும் பாகம் பாகமாகத்தான் வெளியேறுகிறது.

இன்னொரு மறுப்பு: 1978 முதல் 1993 வரை 9 லட்சத்துக்கும் சற்று மேல் தயாரான இந்த மாடலில் இன்று ஓடுவது பிரியமானவர்கள் காப்பாற்றி வைத்த சில வண்டிகள், அவற்றைப் பார்த்துவிட்டு வடிவமைப்பைப் புகழ்வது, பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவதாகாதா? ஆகும். அதனால்தான் வண்டி பிழைத்திருப்பதை நான் சான்றாக எடுக்கவில்லை. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எந்த வடிவமைப்பையும் மதிப்பதில்லை. பேட்டரித் தட்டிலும் டிரைவ் ஷாஃப்ட் போகும் குழிகளிலும் துரு ஏறினால், கைக்கெட்டும் கிளட்ச் இருந்தும் பயனில்லை. புதிய கார்கள் விபத்தில் நன்றாகக் காக்கின்றன, குறைவாகப் புகை விடுகின்றன, குறைவாகப் பழுதாகின்றன. இவற்றை மறுத்துப் பழங்கால மோகம் பேசுவது வீண். என் சான்று ஒரு வேலைக்கு ஆகும் நேரம் மட்டுமே. பழுது குறைவு என்பது, பழுது வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதிலாகாது.

அந்தக் கேள்வி ஸாபுக்கு வேறுவிதமாகவும் வந்து சேர்ந்தது. 1990-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் பாதிப் பங்கை வாங்கியது. அதன்பின் வந்த புதிய 900, ஓப்பல் வெக்ட்ராவின் அடித்தளத்தில் நின்றது. இன்ஜின் குறுக்காகத் திரும்பியது, கிளட்ச் முகத்துக்கு நேரே இருந்த இடத்தை விட்டுப் போனது. 2011 டிசம்பர் 19 அன்று ட்ரோல்ஹேட்டன் நகரத்து ஸாப் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. உதிரிபாகப் பிரிவு மட்டும் அதோடு மூழ்கவில்லை. அரசின் கைக்குப் போய், ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்தது. கார் செய்தவர்கள் போய்விட்டார்கள், பாகம் விற்பவர்களும் பாகம் மாட்டுபவர்களும் மிச்சம். கம்பெனியின் சொந்த ஷோரூம் பட்டறை என்று ஒன்று இல்லாமல் போன பிறகு, இந்தத் தனிப் பட்டறைகளை மாற்று ஏற்பாடு என்று சொல்வது பொருந்தாது. எந்த ஆண்டு வண்டிக்கு எந்த சீல் பொருந்தும் என்ற அறிவு இப்போது இங்கேதான் இருக்கிறது. இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் சாவித்துளையிலிருந்து, ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவி வெளியே வரும் என்பதையும், அந்தத் துளையில் சிந்திய காப்பியை எப்படிச் சுத்தம் செய்வது என்பதையும் இங்கேதான் கேட்க வேண்டும்.

புதுத் தொகுப்பு உள்ளே இறங்கியாயிற்று. தண்டு தன் இடத்துக்குப் போனதும் சரக்கென்று ஒரு சத்தம். ஏர் எடுத்து முடித்து, உள்ளே இருப்பவர் பெடலை அடிவரை மிதிக்கிறார். வில் சுருங்கி, வளையம் தளர்கிறது. வெளியே நிற்பவர் அதை இரண்டு விரலால் உருவி, துணியில் துடைத்து, சுவரிலிருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு பானெட்டின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் கூப்பிடுகிறார்.