பட்டறைக்கும் வேண்டும் பிராணவாயு!

பிராணவாயு என்றால் ஆஸ்பத்திரி சமாசாரம் என்றுதானே நினைப்பீர்கள்? கல்யாணமாகித் திருச்சிக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் கணவருக்குத் துவாக்குடியில் சின்னப் பட்டறை. பெரிய பாய்லர்களுக்கான இரும்புத் தகடுகளை அளவாக வெட்டி, வெல்டிங் செய்து கொடுக்கிற தொழில். மூன்று அங்குலக் கனமுள்ள தகட்டைக் கத்தியாலா வெட்ட முடியும்? காஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி, அதே இடத்தில் ஆக்ஸிஜனைப் பீய்ச்சினால் இரும்பே எரிந்து இரண்டாகப் பிளக்கும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. வெல்டர்கள் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். பட்டறையிலேயே தங்கியவர்களுக்கு இரண்டு வேளையும் என் அடுப்பிலிருந்துதான் சாப்பாடு. நம்ம ரசத்துக்குக்கூடப் பழகிவிட்டார்கள், பாவம். மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் பட்டறையைத் திறந்தும் வேலை ஓடவில்லை. ஆள் இருந்தால் தகடு இல்லை, தகடு வந்தால் ராடு இல்லை. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வால்வு கன்டெய்னர் கிடைக்காமல் எங்கோ துறைமுகத்தில் கிடந்தது. அது வராமல் எங்கள் சாமானையும் எடுக்க மாட்டார்களாம். முற்றத்தில் கிடந்த உத்தரங்களுக்கு அடியில் பூனை குட்டி போட்டது.

"பொங்கலுக்கு எல்லாம் இருந்து வெல்லம் மட்டும் இல்லாத கதையா இருக்கே" என்றேன்.

"வெல்லம்னா பக்கத்து வீட்டுல கடன் வாங்கலாம். இது ஒரு பாய்லருக்குன்னே வரைபடம் போட்டு, சோதிச்சு, முத்திரை குத்தி வர்ற வால்வு. யார்கிட்டே போய்க் கேக்கறது?" என்றார்.

அதற்குள் இரும்பு விலையும் ஏறிவிட்டது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையாயிற்றே! என் வளையல்கள் பாங்குக்குப் போயின.

2021 ஏப்ரலில் இரண்டாவது அலை. சில தொழில்கள் நீங்கலாக, ஏப்ரல் 22 முதல் தொழிற்சாலைகளுக்கு ஆக்ஸிஜன் கிடையாது என்று அரசு உத்தரவு போட்டது. சில நாளிலேயே திரவ ஆக்ஸிஜன் முழுவதும் வைத்தியத்துக்குத்தான் என்றாகிவிட்டது. எஃகு ஆலைகளே தங்கள் ஆக்ஸிஜனை ரயிலேற்றி அனுப்பின. எங்களிடம் மிச்சமிருந்தவை ஆறு சிலிண்டர்கள். மாதக் கடைசிக்குள் சாமான் வராவிட்டால் பில்லில் பிடித்துக்கொள்வோம் என்று கம்பெனியிலிருந்து போன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, உங்க பட்டறையிலே ஆக்ஸிஜன் இருக்காமே? அப்பாவுக்கு 86-தான் காட்டுது."

பட்டறைச் சிலிண்டரில் குழாயைச் செருகி மூக்கில் வைத்துவிட முடியாது. உள்ளே துரு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று அளந்துவிடும் கருவியும் கிடையாது. இவர் சொல்லச் சொல்ல அவள் அழுதாள். கடைசியில் காரின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு இவரே பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். விடியற்காலையில்தான் படுக்கை கிடைத்தது.

திரும்பி வந்தவர் குளித்துவிட்டு, ஆறு சிலிண்டரையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். காஸ் நிரப்புமிடத்தில் அவற்றைக் காலி செய்து, சுத்தம் பண்ணிச் சோதித்து, கழுத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து ஆஸ்பத்திரிக்கு நிரப்புவார்களாம்.

பொய் சொல்வானேன், எனக்குக் கோபம்தான் வந்தது. "அந்த ஆறை வெச்சு இந்த வேலையை முடிச்சிருக்கலாமே! என் வளையல் என்னாகிறது?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் இரண்டு நாள் பேசவில்லை.

கம்பெனி சொன்னபடியே பணத்தைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பெரியவர் பதினோரு நாளில் வீடு திரும்பினார். வளையல்களில் ஒரு ஜோடியை 2022 தை மாதம் மீட்டேன். மற்ற ஜோடிக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.