தரிசுப் புல்லில் தங்கும் பூனைப்பருந்து

புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை இறங்கும் நேரத்தில் கரிசல் காட்டுக்குப் பூனைப்பருந்துகள் வந்து சேரும். மத்திய ஆசியாவில், கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கியதும் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருபவை இவை. பங்குனி வாக்கில் திரும்பிவிடும். மற்ற பருந்துகள் போல உயரத்தில் வட்டமிடாது. இறக்கைகளைச் சற்று மேல்நோக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பயிரை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் பழுப்பு நிறம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஐந்து ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இந்தப் பறவையை வைத்து ஒரு வழக்கே நடந்தது. "ஏங்க, குஞ்சைத் தூக்குற பருந்துங்க அது, விரட்டுங்க" என்பது மனைவியின் கட்சி. விலங்கியல் படிக்கும் மகள் அதற்குச் சாட்சி கொண்டுவந்தாள். ஓடை ஓரத் தரிசில் பருந்துகள் இரவு தங்கிய இடத்தில் சிறு உருண்டைகள் கிடந்தன. செரிக்காததைப் பருந்து உருண்டையாகக் கக்கிவிடும். பிரித்துப் பார்த்தால் வெட்டுக்கிளியின் கால்களும் இறக்கைத் துண்டுகளும், ஒன்றிரண்டில் எலி ரோமமும் இருந்தன. கோழிக்குஞ்சைத் தூக்குவது பெரும்பாலும் ஊருக்குள் சுற்றும் கரும்பருந்தும் வல்லூறும்தான். வழக்கு அதோடு முடிந்தது.

பூனைப்பருந்து மரத்தில் தூங்காது. சாயங்காலம் கூட்டமாக வந்து புல்லுக்குள் தரையிலேயே படுக்கும். குஜராத்தில் வேளாவதர் தேசியப் பூங்காவின் புல்வெளியில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து தங்கியதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பகலில் எந்தக் காட்டில் இரை தேடினாலும் இரவுக்குப் புல் வேண்டும். அந்தப் புல், அரசுக் கணக்கில் 'தரிசு'.

சென்ற ஐப்பசியில் அந்த இரண்டு ஏக்கர் தரிசைக் குத்தகைக்குக் கேட்டு டிராக்டர்காரர் ஒருவர் வந்தார். மக்காச்சோளம் போட நினைத்தார். பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும். "பங்குனி வரைக்கும் புல்லுல கை வைக்காம இருக்க முடியுமாண்ணே?" என்று விவசாயி கேட்டார். "மழை ஈரம் போன பிறகு உழுது நான் என்னப்பா விதைக்க?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

மகள் எதுவும் சொல்லவில்லை. கட்டணம் அவளுடையது. இரண்டு நாள் யோசித்து, சாலையோர ஏக்கரைக் கொடுத்தார். ஓடை ஓர ஏக்கரை நிறுத்திக்கொண்டார். குறைந்த பணத்துக்கு இரண்டு ஆடுகள் சந்தைக்குப் போயின. நிறுத்திய ஏக்கரில் புல்லை மூடி வந்த வேலிக்கருவையை வெட்டி அப்புறப்படுத்தினார். புல்லை மாட்டுக்கு அறுப்பது பங்குனிக்குப் பிறகுதான் என்று வீட்டில் பேசி முடித்தார்கள்.

மகள் மாலையில் எண்ணிக் காலண்டரில் குறிக்கிறாள். முந்தின வருடம் அதிகபட்சம் 14, சென்ற வருடம் 9. ஒரு ஏக்கர் குறைந்ததால்தானா என்று ஒரு வருடக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணிக்கொண்டே இருந்தால் தெரியவரும்.

உங்கள் ஊர்த் தரிசிலும் இவை இறங்கக்கூடும். பொழுது சாயும்போது வரப்பில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கிட்டே போனால் எழுந்து போய்விடும். ஐப்பசி முதல் பங்குனி வரை அந்தப் புல்லுக்குத் தீ வைக்க வேண்டாம். மருந்து பட்ட வெட்டுக்கிளியும் விஷம் தின்ற எலியும் பருந்தின் வயிற்றுக்குப் போகும். அதனால் பூச்சியின் அளவைப் பார்த்துத் தேவையான இடத்தில் மட்டும் தெளியுங்கள். வெட்டுக்கிளி பிடிக்க அது கூலி கேட்பதில்லை. இரவு படுக்கக் கொஞ்சம் புல் இருந்தால் போதும்.